பதில் வருவதற்கு முன்

லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவரை எல்லாரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டிருந்த கண்ணாடி அவ்வளவு தடிமன். அதைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று அவர் தடவித்தான் பார்க்க வேண்டும். ஆனால் லிப்ட் ஓடும் இருட்டுக் கூண்டுக்குள் இறங்கினால், அதைத் தாங்கும் இரும்பு வடத்தில் ஒரு இழை விட்டிருந்தாலும் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். இருபத்திரண்டு வருஷம் அந்த வேலை பார்த்த மனிதரை ஐம்பது வயதை நெருங்கும்போது ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

கை நடுக்கம்தான் காரணம். அவரோடு எட்டு வருஷம் ஜோடியாக வேலை பார்த்த நெட்டை, ஒரு ஒன்பது மாடிக் குடியிருப்பின் லிப்ட் பள்ளத்தில் நசுங்கிச் செத்துப்போன பிறகு வந்த நடுக்கம் அது. பள்ளம் என்பது லிப்ட் கடைசியாக வந்து நிற்கும் இடத்துக்கும் கீழே இருக்கும் குழி. அதில் இறங்குபவர் முதல் வேலையாகச் சுவரில் உள்ள சிவப்பு ஸ்டாப் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டால் மேலே யார் என்ன செய்தாலும் லிப்ட் அசையாது. நெட்டை அதை அமுக்கவில்லை. ‘இறந்த பணியாளரின் கவனக்குறைவு’ என்று விசாரணை அறிக்கையை முடித்தார்கள். கம்பெனி மூச்சு விட்டது. கண்ணாடிக்கு மட்டும் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால் நுனி ஆடியது.

ஸ்டோரில் வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யாராவது வந்து கேட்கும் உருளையையோ பட்டன் பலகையையோ எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்கச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது அவருக்கு ஆகவில்லை. சும்மா இருந்தால் காதில் ஒரு சத்தம் கேட்டது. கம்பெனி வேன் ஓட்டுநர் ஒருநாள் அவர் போனில் செஸ் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூட நாட்களில் ஆடிய பழக்கம் உண்டு. பத்து நிமிஷ ஆட்டம். அந்தப் பத்து நிமிஷமும் காது அடைத்துக்கொண்டது. அதுவே பெரிய விஷயமாக இருந்தது அவருக்கு.

ஆனால் தோற்றார். ஒன்றிரண்டு அல்ல, வாரக்கணக்கில் தோற்றார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், எங்கே தவறு செய்தாய் பார்க்கிறாயா என்று ஆப் கேட்கும். அவரோ அதன் பக்கத்தில் இருக்கும் ‘அடுத்த ஆட்டம்’ என்பதைத் தட்டிவிடுவார். ஆயிரத்துக்கு மேல் இருந்த அவருடைய ஆட்டப் புள்ளி தொள்ளாயிரத்து நாற்பதுக்கு வந்து படுத்துக்கொண்டது. ஓட்டுநர், “அண்ணே, இன்னும் கொஞ்சம் இறங்குனா பள்ளத்துக்கே போயிடுவீங்க” என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒருநாள் மதியம் பூனைப் படம் வைத்திருந்த ஒரு எதிராளியிடம் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார். எந்த ஊர்க்காரரோ, ஆணோ பெண்ணோ தெரியாது. மூன்றாவது ஆட்டத்தின் முடிவில் அந்தப் பூனை ஒற்றை வரி எழுதியிருந்தது: மூன்றிலும் ஒரே தப்பு. கண்ணாடிக்குச் சுருக்கென்றது. திட்டி எழுதலாம் என்று விரலை வைத்தவர், எதற்கும் பார்த்துவிட்டுத் திட்டுவோம் என்று முதல்முறையாகத் தன் ஆட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அவர் நகர்த்தியவற்றில் பாதிக்கு மேல் சிவப்புக் கேள்விக்குறி. மூடி வைத்துவிட்டார்.

அன்றைக்கு ஸ்டோரிலிருந்து பாதி எழுதிய ஒரு நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, தோற்ற ஆட்டங்களுக்குக் காரணம் எழுத ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்து அவர் மனைவி அதை எடுத்துப் பார்த்தாள். சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருப்பவள் அவள். ஒரு நாளைக்கு நானூறு சட்டையைப் புரட்டி, கோளாறு உள்ள இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை.

“சிக்னல் சரியில்லை. எதிராளி கம்ப்யூட்டர் வைத்து ஆடுகிறான். நடுவில் ஸ்டோருக்கு ஆள் வந்துவிட்டார். மழை” என்று வாய்விட்டுப் படித்தாள். “மழையா? வீட்டுக்குள்ள உக்காந்துதானே ஆடுனீங்க?”

“தோத்ததுக்குக் காரணம் எழுதியிருக்கேன்.”

“நான் லீவ் லெட்டர்னு நினைச்சேன்.”

அவள் நோட்டைக் கீழே வைக்கவில்லை.

“எங்க செக்ஷன்ல ‘துணி சரியில்ல’ன்னு எழுதிப் பாருங்க. சூப்பர்வைசரம்மா மூஞ்சியில விட்டெறிவாங்க. எந்த இடம், என்ன கோளாறு, யார் கை. மூணையும் எழுதினாத்தான் சட்டை திரும்பிப் போகும்.”

“யார் கைன்னா?”

“எந்த மெஷின்ல உக்காந்தவங்களோட கைன்னு. உங்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்ல. ஆடுறது நீங்க ஒருத்தர்தானே.”

அவள் அதை விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் மறுநாளே ஒரு பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்று கோடு போட்டார்.

நாற்பது ஆட்டம். தினமும் இரண்டாக, ஒவ்வொரு நகர்வாகத் திருப்பிப் பார்த்தார். முதலில் கூச்சமாக இருந்தது. தன் குரலைத் தானே டேப்பில் கேட்கிற மாதிரி. சில தப்புகள் தெரியாமல் செய்தவை: குதிரை ஒரே தாவலில் ராஜாவையும் யானையையும் சேர்த்துத் தாக்கும் என்பதைக் கவனிக்காதது, கடைசியில் ஒற்றைச் சிப்பாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விழித்தது. அவற்றைக் கற்றுக்கொண்டால் போயிற்று, கற்றுக்கொண்டார். ஆனால் இருபத்தாறு ஆட்டங்களில் கோளாறு ஒன்றேதான்.

ஆன்லைன் செஸ்ஸில் ஒரு வசதி உண்டு. எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம்முடைய அடுத்த காயை நகர்த்தி வைத்துவிடலாம். அவர் ஆடிய நொடியில் நம் காய் தானாக ஓடும். நேரம் மிச்சம். ஆனால் நாம் நினைத்ததை விட்டு அவர் வேறு எதையாவது ஆடிவிட்டாலும் நம் காய் ஓடிவிடும், பிடித்து நிறுத்த முடியாது. கண்ணாடி ராணியை வைத்து ஒரு சிப்பாயை வெட்டுவதற்கு முன்கூட்டியே நகர்த்தி வைப்பார். எதிராளி அந்தச் சிப்பாய்க்குக் காவலாகக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவார். ராணி கண்ணை மூடிக்கொண்டு போய் விழும். பூனையிடம் மூன்று ஆட்டத்திலும் இப்படித்தான் ராணியைத் தூக்கிக் கொடுத்திருந்தார்.

விசித்திரம் என்னவென்றால், அந்த ஆட்டங்களில் அவருக்கு நேரம் குறைவாகவே இல்லை. ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம் கையில் இருந்தது. துரத்துவார் யாரும் இல்லை. பின் எதற்கு அவசரம்? ‘என்ன கோளாறு’ என்ற கட்டத்தில் அவசரம் என்று எழுதி அடித்தார். பேராசை என்று எழுதி அதையும் அடித்தார். கடைசியில், ‘அவர் என்ன பதில் சொல்வார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்’ என்று எழுதினார். எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் முகம் கழுவினார். ஐந்து நாள் போனைத் தொடவில்லை.

ஆறாம் நாள் அந்த வசதியை ஆப்பில் நிறுத்தி வைத்தார். எதிராளி ஆடி முடிக்கும்வரை வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். சின்னப் பிள்ளைத்தனம்தான், ஆனால் வேலை செய்தது. இரண்டு மாதத்தில் புள்ளி ஆயிரத்து நூற்று முப்பதைத் தாண்டியது. ஓட்டுநர் ஸ்டோரில் இருந்த நாலு பேரிடமும் சொல்லிக் கைதட்ட வைத்தார். கண்ணாடி சிரிக்க முயன்றார். ஜெயித்த ஆட்டம் ஒவ்வொன்றும் அவருக்கு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது: காத்திருக்க உன்னால் முடியும். எப்போதுமே முடிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவி கூடுதல் ஷிப்ட் போயிருந்தாள். மகன் வெளியூர் ஹாஸ்டலில் இருந்தான். அவர் நோட்டில் புதுப் பக்கம் எடுத்து மூன்று கோடு போட்டு, இடம் என்ற கட்டத்தில் அந்தக் குடியிருப்பின் பெயரை எழுதினார்.

நெட்டை செத்த அன்றைக்கு நடந்தது இதுதான். லிப்ட் மூன்றாம் மாடியில் ஒரு சாண் இறக்கமாக நின்றது. குடியிருப்பில் இருந்தவர்கள் காலையிலிருந்தே எப்போது முடியும் எப்போது முடியும் என்று அரித்தெடுத்தார்கள். கண்ணாடி மொட்டை மாடி மெஷின் ரூமில், நெட்டை கீழே பள்ளத்தில். லிப்டைக் கொஞ்சம் ஓட்டி நிறுத்தி, கொஞ்சம் ஓட்டி நிறுத்தி, கீழே ஒரு சக்கரம் சரியாகச் சுற்றுகிறதா என்று நெட்டை பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நெட்டை ஸ்டாப் பட்டனை அமுக்கினான், எடுத்தான், அமுக்கினான். நாலாவது தடவை கண்ணாடி போனில், “டேய், அதை விடு. இப்படி அமுக்கி அமுக்கி எடுத்தா சாயங்காலம் ஆயிடும். நான் கேட்டுட்டுத்தான் ஓட்டுவேன்” என்றார். நெட்டை, “சரிண்ணே” என்றான். அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை அப்படியே நடந்தது. இவர் “வரட்டுமா?” என்பார். அவன் “வாங்கண்ணே” என்பான். கடைசித் தடவை இவர் “வரட்டுமா?” என்றார். அவன் “அண்ணே” என்றான். இவர் லிப்டை ஓட்டும் பட்டனை அமுக்கிவிட்டார். லிப்ட் இறங்க ஆரம்பித்த பிறகுதான் மிச்ச வார்த்தை காதில் விழுந்தது. “ஒரு நிமிஷம்.”

விசாரணைக்கு வந்த கம்பெனிப் பாதுகாப்பு அதிகாரி கெட்டவர் அல்ல. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். “நீங்க கேட்டீங்க, அவர் பதில் சொன்னார், நீங்க ஓட்டுனீங்க. அப்படித்தானே? ஸ்டாப் பட்டன் அமுக்கலைங்கிறது அவர் தப்புதானே?” என்றார். கண்ணாடி தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்குக் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பொய் என்று ஒரு வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. தலை மட்டும்தான் ஆடியது.

‘யார் கை’ என்ற கட்டத்தில், என் கை என்று எழுதி நோட்டை மூடாமல் மேஜைமேல் வைத்தார்.

மனைவி வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். நோட்டைப் படித்தாள். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

“இதை யாருக்கிட்டயாவது காட்டுனீங்களா?”

“இல்ல. காட்டணும்.”

“எதுக்கு? இப்ப சொன்னா செத்தவர் எந்திரிச்சு வந்துடுவாரா?”

“அவன் தப்புன்னு எழுதி வச்சிருக்காங்க.”

“எழுதிட்டுப் போகட்டும். பையனுக்குப் படிப்பு முடியல. உங்களை உள்ள தூக்கி வச்சா நான் எங்க போய் நிப்பேன்?”

“எந்த இடம், என்ன கோளாறு, யார் கைன்னு நீதானே சொல்லிக்கொடுத்த.”

“அது சட்டை” என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது. “நான் சட்டையைச் சொன்னேங்க.”

நெட்டையின் மனைவி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். மூன்று நாள் கழித்து, கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துக் கண்ணாடி அங்கே போனார். இரண்டு மெஷினும் ஓய்ந்திருந்தன. அவள் காகிதக் கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே. எத்தனை காப்பி?” என்று கேட்டுவிட்டு, அவர் கையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. என்ன இப்படி இளைச்சுட்டீங்க?”

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், முன்னும் பின்னுமாகச் சொன்னார். ஸ்டாப் பட்டனை விடச் சொன்னதைச் சொன்னார். விசாரணையில் தலை ஆட்டியதைச் சொன்னார். அவள் கையில் பிடித்திருந்த காகிதக் கட்டைக் கீழே வைக்கவே இல்லை.

“அவரு பதில் சொன்னாரா இல்லையா?” என்று கேட்டாள்.

“சொல்ல ஆரம்பிச்சான். ‘அண்ணே, ஒரு நிமிஷம்’னான். நான் ‘அண்ணே’ங்கிற வரைக்கும்தான் கேட்டேன்.”

அவள் கடை வாசலைப் பார்த்தாள். பேருந்து ஒன்று வந்து நின்று போனது.

“ஒன்றரை வருஷமா அவரைத் திட்டிக்கிட்டு இருக்கேன்” என்றாள். “ஒரு பட்டனை அமுக்கத் துப்பில்லாத மனுஷன்னு. படத்தைக்கூட மாட்டல, பீரோவுல கவுத்து வச்சிருக்கேன். பொண்ணு டிபன் பாக்ஸை மறந்துட்டு வந்தா, அப்பன் புத்தி அப்படியே வந்திருக்குன்னு சொல்லியிருக்கேன். ஒரு நாள் இல்ல, எத்தனையோ நாள். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவா.”

கண்ணாடிக்கு அதுவரை இது தெரியாது. நெட்டையைக் கொன்றதை மட்டும்தான் அவர் கணக்கில் வைத்திருந்தார். அவன் செத்த பிறகு அவன் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். “எழுதுங்க. எங்கிட்ட சொன்னது மொத்தத்தையும்.”

எழுத்து நேராக நிற்காமல் ஏறி இறங்கியது. நடுவில் ஒரு கல்லூரிப் பெண் வந்து சான்றிதழ்களுக்கு நகல் கேட்டாள். நெட்டையின் மனைவி எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பெண் போனதும் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றுகொண்டாள். அவர் முடித்ததும் வாங்கிப் படித்தாள். “கீழ கையெழுத்து. தேதி” என்றாள். போட்டார். மெஷினைத் திறந்து தாளைக் கவிழ்த்து வைத்து ஐந்து நகல் எடுத்தாள். சூடு ஆறாத ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

“கம்பெனியில நீங்களே குடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். குடுக்கலைன்னா மிச்சத்தை நான் குடுப்பேன். போலீஸுக்கும் சேர்த்து.” பிறகு, “இந்தப் பக்கம் இனிமே வராதீங்க” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

அவர் மறுநாள் காலையே கொடுத்தார். அதே பாதுகாப்பு அதிகாரி. படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். “உங்களுக்கு மனசு சரியில்ல. பத்து நாள் லீவு போட்டுட்டு வந்து பேசலாம். முடிஞ்சுபோன அறிக்கையை எதுக்குக் கிளறணும்?”

“அது இன்னும் முடியல சார்.”

“ஏன் இத்தனை நாள் கழிச்சு?”

செஸ் ஆட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன் என்று சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்கள். “இப்பதான் புரிஞ்சுது” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வேலை போயிற்று, லிப்ட் பழுது பார்க்கும் லைசென்ஸ் போயிற்று. போலீஸ் வழக்குப் பதிந்தது. நீதிமன்றத்தில் அவர் எதையும் மறுக்கவில்லை. எட்டு மாதம் தீர்ப்பானது. ஆறு மாதம் உள்ளே இருந்தார். அறிக்கையில் அந்த ஒரு வரியை நீக்கி, நெட்டை மேல் தவறில்லை என்று கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தது. தலையை ஆட்ட வைத்த அதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பக்கத்து மாவட்டத்துக்குப் பதவி உயர்வில் போனார் என்று ஓட்டுநர் வந்து சொன்னார். சிறைக்கு வந்து பார்த்த ஒரே ஆள் அந்த ஓட்டுநர்தான்.

மனைவி விட்டுப் போகவில்லை. ஆனால் பேச்சு பாதியாகிவிட்டது. செக்ஷனில் அவள் காதுபடவே பேசினார்கள். மகன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கூரியர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். வீட்டுக்குப் போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசுவான். “அவன்கிட்ட நான் பேசட்டுமா?” என்று ஒருநாள் கண்ணாடி கேட்டார். “அவனா கூப்பிடட்டும். காத்திருங்க” என்றாள். குத்திக்காட்டிச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னும் காத்திருக்கிறார்.

இப்போது ஒரு பிரெட் ஃபாக்டரியில் தட்டு தூக்கும் வேலை. சூடான தட்டுகளை அடுப்பிலிருந்து வண்டிக்கு மாற்ற வேண்டும். நடுங்கும் கைக்கு அது பரவாயில்லை. தினம் ஒரு ஆட்டம் ஆடுகிறார், ஒன்றே ஒன்று. தோற்றாலும் ஜெயித்தாலும் திருப்பிப் பார்க்கிறார். இன்னமும் குதிரையைக் கவனிக்காமல் அடி வாங்குகிறார். புள்ளி ஏறுகிறது, இறங்குகிறது. அதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை.

போன மாதம் ஒரு பகல் ஷிப்டில், வாசலில் யாரோ பார்க்க வந்திருப்பதாகக் காவலாளி சொன்னார். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். பதினாறு வயதிருக்கும். வாசல் கதவின் மேல்கம்பி அளவுக்கு உயரம். யார் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அம்மாவுக்குத் தெரியாது நான் வந்தது” என்றாள்.

“சரிம்மா.”

“எங்கப்பா வேலையில எப்படி?”

அவர் கையுறையைக் கழற்றினார். “கவனமான ஆள்மா. என்னை விடக் கவனம். பள்ளத்துல இறங்கினா முதல்ல பட்டனை அமுக்கிட்டுத்தான் அப்புறம் டார்ச்சையே எடுப்பான். அன்னைக்கும் அமுக்கத்தான் செஞ்சான். நான்தான் வேணாம்னேன்.”

“அதைப் படிச்சேன். உங்க வாயால கேக்கணும்னு வந்தேன்.”

அவள் இன்னும் ஏதாவது கேட்பாள் என்று அவர் நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தாள். சாலையைக் கடக்கும் முன் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு லாரி போகும்வரை நின்றாள். பிறகு கடந்தாள்.

அடுப்பு மணி அடித்தது. “யாரு, உங்க பொண்ணா?” என்று காவலாளி கேட்டார்.

“இல்ல” என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு அவர் உள்ளே போனார்.